நாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடும் பணம்

யூரோ நோட்டுகளின் முதல் வரிசை 2002 ஜனவரி 1 அன்று புழக்கத்துக்கு வந்தது. ஒவ்வொரு நோட்டின் பின்புறமும் வரிசை எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. ஜெர்மனிக்கு எக்ஸ், பிரான்ஸுக்கு யு, இத்தாலிக்கு எஸ், கிரீஸுக்கு ஒய். எந்த நாட்டு மத்திய வங்கியின் கணக்கில் அச்சான நோட்டு என்பதைக் காட்டும் அடையாளம் அது, அவ்வளவுதான். ஒய் நோட்டைக் கொடுத்து பெர்லினில் ரொட்டி வாங்கலாம், எக்ஸ் நோட்டைக் கொடுத்து ஏதென்ஸில் காபி குடிக்கலாம். அந்த எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

2008இல் உலகமெங்கும் வங்கிகள் ஆட்டம் கண்டபோது சிலர் பார்க்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் எக்ஸ் நோட்டுகளாகப் பொறுக்கி வைத்துக்கொள்பவர்கள் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. யூரோ உடைந்தால் எக்ஸ் நோட்டு ஜெர்மன் பணமாகவும் ஒய் நோட்டு கிரேக்கப் பணமாகவும் பிரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. சட்டப்படி அந்தக் கணக்குக்கு எந்த அடிப்படையும் இல்லை. பின்னால் வந்த புதிய வரிசை நோட்டுகளில் அந்த எழுத்து அச்சகத்தை மட்டுமே குறிக்கிறது. ஆனாலும் அந்த மனிதர்கள் தொட்டது ஓர் ஆழமான விஷயத்தை.

மழை வருமா என்று ஊரே கேட்டாலும் அதனால் மழை வந்துவிடாது. ஒரு நாடு பொதுப் பணத்தை விட்டு வெளியேறுமா என்ற கேள்வி அப்படிப்பட்டதல்ல. போதுமான பேர் அதைக் கேட்கத் தொடங்கினாலே வெளியேற்றம் ஓர் அடி நெருங்கி வந்துவிடுகிறது. 2010 முதல் 2015 வரை கிரீஸ் அந்த விளிம்பில் நின்றது. பொருளாதாரப் பாடப்புத்தகங்கள் வரைபடங்களில் காட்டுவதை அந்த நாட்டு மக்கள் ஏடிஎம் வாசலில் அனுபவித்தார்கள். ஒரு நாடு எப்படி வெளியேறுகிறது, அல்லது வெளியேறாமல் தப்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான நிகழ்வு அண்மைக் காலத்தில் இல்லை.

சட்டத்தில் இல்லாத வழி

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வழி இருக்கிறது. 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழியே வந்த 50ஆவது பிரிவு அதற்குத்தான். வெளியேற விரும்பும் நாடு முறைப்படி அறிவிக்க வேண்டும், அதன்பின் பேச்சுவார்த்தைக்கு இரண்டு ஆண்டு. தேவைப்பட்டால் எல்லோரும் சம்மதித்துக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். பிரிட்டன் 2017 மார்ச் 29 அன்று அறிவித்து, 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது.

இடைப்பட்ட மூன்றாண்டு இழுபறியில் லண்டன் வங்கிகளின் வாசலில் வரிசை எதுவும் இல்லை. காரணம் எளிது. பிரிட்டன் தன் பவுண்டைக் கடைசிவரை கைவிடவே இல்லை. வெளியேறுவதற்கு முன்பும் பவுண்டு, பின்பும் பவுண்டு. அதன் மதிப்பு ஏறலாம், இறங்கலாம். ஆனால் கணக்கில் போட்ட பணம் ஒரு காலையில் வேறொரு பணமாக மாறிவிடும் என்ற பயம் யாருக்கும் எழவில்லை.

யூரோவின் கதை வேறு. யூரோவை மட்டும் கைவிட்டு ஒன்றியத்தில் நீடிப்பதற்கு ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவும் இல்லை. 2001இல் கிரீஸ் சேர்ந்தபோது, அதன் பழைய பணமான திராக்மா 340.75க்கு ஒரு யூரோ என்று விகிதம் நிர்ணயமானது. இதை மீளப் பெற முடியாது என்பது ஒப்பந்தத்தின் நிலை. ஐரோப்பிய மத்திய வங்கியில் பணியாற்றிய சட்ட அறிஞர் ஃபீபஸ் அதனாசியூ 2009 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் இதை அலசினார். ஒன்றியத்தை விட்டு விலகாமல் யூரோவை மட்டும் விட்டு விலகுவது சட்டப்படி முடியாத காரியம், ஒரு நாட்டை வெளியே தள்ளுவதும் ஏறத்தாழ அப்படியே என்று முடிவு சொன்னார்.

வெளியேறும் வழியை எழுதாமல் விட்டது கவனக்குறைவு அல்ல. வழி இருப்பதாக எழுதிவைத்தால் அதை யார் முதலில் பயன்படுத்துவார்கள் என்று சந்தை அன்றே பந்தயம் கட்டத் தொடங்கியிருக்கும். ஆனால் சட்டம் மௌனமாக இருந்ததால் கேள்வி எழாமல் போகவில்லை. அது நீதிமன்றத்தில் எழவில்லை, வங்கிக் கணக்குகளுக்குள் எழுந்தது.

ஒரு சேமிப்புக் கணக்குக்குள்

தெசலோனிகியில் ஓர் ஆசிரியை, வங்கியில் 20,000 யூரோ சேமித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். நாடு யூரோவிலிருந்து வெளியேறலாம் என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். அவர் முன்னால் மூன்று வழிகள். பணத்தை அப்படியே விட்டுவைக்கலாம், ரொக்கமாக எடுத்து பீரோவில் வைக்கலாம், அல்லது ஜெர்மனியில் ஒரு கணக்குக்கு அனுப்பலாம்.

நாடு வெளியேறாவிட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். கொஞ்சம் வட்டி போகும், அவ்வளவே. வெளியேறினால் பெரிய வித்தியாசம். பீரோவில் உள்ள நோட்டும் ஜெர்மன் கணக்கில் உள்ள பணமும் யூரோவாகவே இருக்கும். உள்ளூர் வங்கியில் இருப்பது மட்டும் ஒரே இரவில் திராக்மாவாகும். புதிய திராக்மாவின் மதிப்பு பாதியாகச் சரிந்தால் 20,000 யூரோ 10,000 ஆகிவிடும். இப்படி நடக்க நூற்றில் ஐந்து பங்கு வாய்ப்பு என்று அவர் நினைத்தால்கூட, அவர் எதிர்பார்க்க வேண்டிய நஷ்டம் 500 யூரோ. எந்தச் சேமிப்புக் கணக்கின் வட்டியும் அதை ஈடுகட்டாது.

இதில் கவனிக்க வேண்டியது, ஆசிரியை பீதியடையவில்லை என்பதுதான். நாடு வெளியேற வேண்டும் என்று அவர் விரும்பவும் இல்லை. வெளியேறும் என்று நம்பவும் இல்லை. அவர் கணக்குப் போடத் தெரிந்தவர். அவரைப் போலப் பத்து லட்சம் பேர் அதே கணக்கைப் போடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எந்த வங்கியும் டெபாசிட் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அது வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் அரசுப் பத்திரமாகவும் மாறியிருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் வங்கி தன்னிடமுள்ள பத்திரங்களை ஈடாக வைத்து மத்திய வங்கியிடம் ரொக்கம் வாங்க வேண்டும். வங்கி வைத்திருப்பது கிரேக்க அரசின் பத்திரம் அல்லது கிரேக்க அரசு உத்தரவாதம் தந்த பத்திரம். நாடு வெளியேறலாம் என்ற பயத்தில் அந்தப் பத்திரத்தின் மதிப்பும் விழும். ஒரு கட்டத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி அதை ஈடாக ஏற்க மறுக்கும். 2015 பிப்ரவரி 4 அன்று அப்படித்தான் மறுத்தது.

அதன்பின் மிச்சமிருப்பது அவசரகால உதவி. கிரேக்க மத்திய வங்கி தன் சொந்தப் பொறுப்பில், அதிக வட்டிக்கு, உள்ளூர் வங்கிகளுக்கு யூரோ கொடுக்கலாம். ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆட்சிக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தால் உதவி நின்றுவிடும். நின்ற மறுநாள் வங்கிகள் திறக்க முடியாது. திறக்க வேண்டுமென்றால் தானே அச்சடித்த பணத்தை அவற்றில் போடுவதைத் தவிர அரசுக்கு வேறு வழி இருக்காது. அந்த நிமிடத்தில் நாடு யூரோவை விட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். நாடாளுமன்றம் வாக்களிக்கவில்லை, யாரும் எங்கும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் அது நடந்து முடிந்திருக்கும்.

முத்திரை ஒட்டிய பணம்

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஒரே பணத்தைப் பயன்படுத்திய நாடுகள் பிரிந்த அனுபவம் வரலாற்றில் பலமுறை உண்டு, பிரிந்த விதத்தில் வியக்கத்தக்க ஒற்றுமையும் உண்டு.

முதல் உலகப் போரின் முடிவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியது. புதிதாகப் பிறந்த நாடுகள் எல்லாவற்றிலும் புழங்கியது அதே பழைய கிரவுன் நோட்டுதான். அதை அச்சிடும் வங்கி வியன்னாவில் இருந்தது. 1919 ஜனவரியில் யுகோஸ்லாவியா தன் எல்லைக்குள் இருந்த நோட்டுகளில் முத்திரை குத்தியது. அடுத்த மாதக் கடைசியில் செக்கோஸ்லோவாக்கியாவின் நிதியமைச்சர் அலோயிஸ் ராஷின் எல்லைகளை மூடி, தபாலையும் நிறுத்தி, நோட்டுகளில் தபால்தலை போன்ற சிறு முத்திரைத் தாள்களை ஒட்டவைத்தார். கொண்டுவந்த பணத்தில் ஒரு பகுதியை அரசு கடனாகப் பிடித்துக்கொண்டது. முத்திரை இல்லாத நோட்டு அந்நாட்டில் செல்லாது. எல்லையை ஏன் மூடினார்கள்? எந்த நாட்டின் முத்திரை அதிக மதிப்புப் பெறும் என்று மக்கள் நினைத்தார்களோ, அங்கே நோட்டுக்கட்டுகளைக் கடத்திக்கொண்டு போனார்கள். மனிதர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பது முடிவாகும் முன்பே பணம் தன் நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

இந்தியத் துணைக்கண்டத்திலும் இது நடந்தது. 1947 ஆகஸ்டில் பாகிஸ்தான் பிறந்தபோது அதற்கென்று மத்திய வங்கி இல்லை. இந்திய ரிசர்வ் வங்கியே இரு நாடுகளுக்கும் பொது. 1948 ஏப்ரலில் இந்திய ரூபாய் நோட்டுகளின் மீதே பாகிஸ்தான் அரசு என்ற எழுத்துகளை ஆங்கிலத்திலும் உருதுவிலும் கூடுதலாக அச்சிட்டு வெளியிட்டார்கள். இந்த ஏற்பாடு 1948 செப்டம்பர் 30 வரை நீடிப்பதாக இருந்தது. ரொக்க இருப்பைப் பங்கிடுவதில் 55 கோடி ரூபாய் தொடர்பாக இரு அரசுகளுக்கும் இடையே மூண்ட பிணக்கில் நம்பிக்கை குலைந்து, கெடு ஜூன் 30ஆகச் சுருங்கியது.

செக்கோஸ்லோவாக்கியாவுக்கு மறுபடியும் அதே அனுபவம் வந்தது. 1993 ஜனவரி 1 அன்று செக், ஸ்லோவாக் என்று நாடு அமைதியாக இரண்டாகப் பிரிந்தது. குறைந்தது ஆறு மாதம் பொதுப் பணத்தையே வைத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம். ஆனால் ஸ்லோவாக் பணம் மதிப்பிழக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஸ்லோவாக்கியாவில் இருந்தவர்கள் சேமிப்பை செக் வங்கிகளுக்கு மாற்றினார்கள். நம் தெசலோனிகி ஆசிரியை போட்ட அதே கணக்கு. ஆறு மாத ஒப்பந்தம் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. பிப்ரவரி 8 அன்று பணம் பிரிந்தது. மீண்டும் எல்லையில் கெடுபிடி, மீண்டும் நோட்டில் ஒட்டிய முத்திரை.

இந்த மூன்று நிகழ்வுகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன. பொதுப் பணம் ஒருநாள் முடியப்போகிறது என்பது தெரிந்துவிட்டால் அந்த நாள் குறித்த தேதிக்கு வெகுமுன்னரே வந்துவிடும். அதே ஸ்லோவாக்கியா 2009இல் யூரோவில் சேர்ந்தது. பிரிவின் விலையை அறிந்த நாடு அது.

பரிசுக்கு வந்த திட்டங்கள்

2009 அக்டோபரில் கிரீஸில் ஆட்சி மாறியது. அரசின் பற்றாக்குறையை முந்தைய அரசு வெகுவாகக் குறைத்துக் காட்டியிருந்தது வெளிப்பட்டது. இறுதிக் கணக்கில் அது நாட்டு உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தாண்டியது. 2010 ஏப்ரல் 23 அன்று பிரதமர் யோர்கோஸ் பாப்பந்திரேயு, காஸ்டெலோரிசோ என்ற சிறு தீவிலிருந்து தொலைக்காட்சியில் பேசி, உதவி கேட்கப்போவதாக அறிவித்தார். மே மாதம் 11,000 கோடி யூரோ கடனுதவி முடிவானது. கூடவே சம்பள வெட்டு, ஓய்வூதிய வெட்டு, வரி உயர்வு. இரண்டாவது உதவி 2012இல் வந்தது.

அந்த 2012இல்தான் வெளியேற்றம் என்ற பேச்சு உச்சத்துக்குப் போனது. ஒன்றரை ஆண்டுக்குள் கிரீஸ் வெளியேற 90 சதவீத வாய்ப்பு என்று சிட்டி வங்கியின் பொருளாதார வல்லுநர்கள் அந்த ஜூலையில் கணித்தார்கள். பிரிட்டனில் சைமன் வுல்ஃப்சன் என்ற தொழிலதிபர், ஒரு நாடு யூரோவிலிருந்து ஒழுங்காக வெளியேறுவது எப்படி என்று சொல்பவருக்கு இரண்டரை லட்சம் பவுண்டு பரிசு அறிவித்திருந்தார். ரோஜர் பூட்டில் தலைமையிலான குழு அதை வென்றது. அவர்கள் திட்டத்தின் உயிர்நாடி ரகசியம். மிகச் சில அதிகாரிகளுக்கு மட்டும் தெரிய வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை அறிவிக்க வேண்டும், வங்கிகளையும் ஏடிஎம்களையும் உடனே மூட வேண்டும், ஒரு யூரோவுக்கு ஒரு புதிய பணம் என்று மாற்ற வேண்டும், புதிய நோட்டு அச்சாகும்வரை சில்லறைச் செலவுக்கு யூரோவையே பயன்படுத்தலாம்.

அதே போட்டிக்கு நெதர்லாந்தைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவனும் படம் வரைந்து ஒரு திட்டம் அனுப்பினான். கிரேக்கர்கள் யூரோவை வங்கியின் இயந்திரத்தில் போட்டால் திராக்மா கிடைக்கும், யூரோவை ஒளித்து வைப்பவர்களுக்குத் தண்டனை என்பது அவன் யோசனை. நடுவர்கள் பாராட்டி அவனுக்கும் சிறு பரிசு தந்தார்கள். அவன் வரைந்த படம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பெரியவர்களின் திட்டங்கள் எல்லாம் எங்கே மோதி நிற்கின்றனவோ, அங்கேயே அவனும் வந்து நின்றான். யாரும் தானாக முன்வந்து நல்ல பணத்தைக் கொடுத்து மெலிந்த பணத்தை வாங்க மாட்டார்கள். வாங்க வைக்க வேண்டுமானால் திடீரென்று செய்ய வேண்டும், அல்லது வலுக்கட்டாயமாகச் செய்ய வேண்டும். ஜனநாயக நாட்டில் இரண்டும் எளிதல்ல. நாடாளுமன்றத்தில் ஒரு வாரம் விவாதித்துவிட்டு வெளியேறலாம் என்றால் அந்த வாரத்திலேயே வங்கிகள் காலியாகிவிடும்.

பேச்சு வெளியேற்றத்தை நெருங்க வைக்கும் என்றால், தள்ளிப்போடவும் செய்யுமா? அதே 2012 ஜூலையில் விடை கிடைத்தது. ஸ்பெயின் அரசு பத்தாண்டுக் கடனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த வட்டி 7.5 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஜூலை 26 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் பேசிய ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மாரியோ திராகி, யூரோவைக் காக்கத் தேவையான எதையும் செய்யத் தங்கள் வங்கி தயார், அது போதுமானதாகவும் இருக்கும் என்று சொன்னார். செப்டம்பரில் அதற்கான பத்திரக் கொள்முதல் திட்டமும் அறிவிப்பானது. அந்தத் திட்டத்தின் கீழ் இன்றுவரை ஒரு யூரோகூடச் செலவாகவில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலேயே ஸ்பெயினின் வட்டி 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. யூரோ உடையாது என்பதை நம்ப ஒரு காரணம் கிடைத்ததும் அது உடையும் வாய்ப்பு உண்மையிலேயே குறைந்தது. சிட்டி வங்கியின் 90 சதவீதக் கணிப்பும் பொய்த்தது.

அறுபது யூரோவில் ஒரு நாள்

கிரீஸுக்கு மட்டும் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது, நெருக்கடிக்கு முன் இருந்த உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. 2015 ஜனவரி 25 தேர்தலில், வெட்டுகளை நிறுத்துவோம், யூரோவிலும் நீடிப்போம் என்று வாக்குறுதி தந்த அலெக்சிஸ் சிப்ராஸின் சிரிசா கட்சி வென்றது. ஐந்து மாதம் பேச்சுவார்த்தை இழுத்தது. இழுத்த ஒவ்வொரு வாரமும் மக்கள் பணத்தை எடுத்தார்கள். 2009இல் இருந்த டெபாசிட்டில் ஏறக்குறைய பாதிதான் 2015 ஜூனில் வங்கிகளில் மிஞ்சியது. அவசரகால உதவியின் வரம்பு பிப்ரவரியில் சுமார் 6,000 கோடி யூரோவாக இருந்து ஜூனில் சுமார் 8,900 கோடியாக உயர்ந்தது.

ஜூன் 27 அதிகாலையில் சிப்ராஸ் பொதுவாக்கெடுப்பை அறிவித்தார். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனையை ஏற்பதா வேண்டாமா என்பது கேள்வி. விடிந்ததும் ஏடிஎம்களில் வரிசை. ஜூன் 28 அன்று ஐரோப்பிய மத்திய வங்கி உதவியின் வரம்பை அதற்குமேல் உயர்த்த மறுத்தது. ஜூன் 29, திங்கட்கிழமை, வங்கிகள் திறக்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் எப்படி இருந்தது? ஒரு அட்டைக்கு ஒரு நாளில் 60 யூரோ எடுக்கலாம். விரைவிலேயே பல ஏடிஎம்களில் 20 யூரோ நோட்டுகள் தீர்ந்துபோயின. மிஞ்சியது 50 யூரோ நோட்டு மட்டும், ஆகவே 60 என்ற வரம்பு நடைமுறையில் 50 ஆனது. ஓய்வூதியம் வாங்கும் பல முதியவர்களிடம் அட்டையே இல்லை. ஜூலை 1 அன்று சுமார் ஆயிரம் வங்கிக் கிளைகளை அவர்களுக்காக மட்டும் திறந்து, வாரத்துக்கு 120 யூரோ கொடுத்தார்கள். ஏதென்ஸில் பேருந்தும் மெட்ரோவும் இலவசமாக ஓடின. கிரேக்க அட்டைகளால் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்த முடியவில்லை. இறக்குமதியாளர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு அதற்கென அமைத்த குழு அனுமதி தர வேண்டும். வெளிநாட்டு அட்டையுடன் வந்த சுற்றுலாப் பயணிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை. ஒரே ஏடிஎம், ஒரே யூரோ. ஆனால் ஜெர்மன் கணக்கிலிருந்து எடுப்பவருக்கு ஒரு சட்டம், கிரேக்கக் கணக்கிலிருந்து எடுப்பவருக்கு இன்னொன்று. நோட்டின் எழுத்தில் இல்லாத பிரிவினை கணக்கு இருந்த வங்கியில் வந்துவிட்டது. கிரீஸ் வெளியேறவில்லை, ஆனால் வெளியேறும் வழியில் பாதி தூரம் போய்விட்டது.

ஜூன் 30 அன்று பன்னாட்டு நாணய நிதியத்துக்குத் தர வேண்டிய சுமார் 150 கோடி யூரோ தவணையை கிரீஸ் தரவில்லை. வளர்ந்த நாடு ஒன்று அப்படித் தவறியது அதுவே முதல்முறை. ஜூலை 5 வாக்கெடுப்பில் 61.3 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். ஆனால் யூரோவில் நீடிக்க வேண்டுமா என்று கருத்துக் கணிப்புகளில் கேட்டபோது மிகப் பெரும்பான்மையினர் ஆம் என்றார்கள். இதை முரண்பாடு என்று பலர் கேலி செய்தார்கள். அதில் முரண்பாடு ஏதும் இல்லை. ஐந்தாண்டு வலியை நிறுத்துங்கள் என்றார்கள், எங்கள் சேமிப்பையும் அழித்துவிடாதீர்கள் என்றார்கள். இரண்டுமே நியாயமான கோரிக்கைகள்.

திராக்மா வந்திருந்தால்

வெளியேறுவதே நல்லது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஜெர்மன் பொருளாதார அறிஞர் ஹான்ஸ்-வெர்னர் சின் அவர்களில் ஒருவர். சொந்தப் பணம் மதிப்பிழந்தால் ஏற்றுமதி மலிவாகும், கிரேக்கத் தீவுகளுக்குச் சுற்றுலா மலிவாகும், சம்பளத்தை ஒவ்வொன்றாக வெட்டாமலேயே நாடு போட்டியிட முடியும். அர்ஜென்டினா இதற்கு உதாரணம். ஒரு பீசோவுக்கு ஒரு டாலர் என்று 1991 முதல் கட்டிவைத்த விகிதத்தை 2002 ஜனவரியில் அது கைவிட்டது. சில மாதங்களில் டாலருக்கு மூன்றரை பீசோவைத் தாண்டிச் சரிந்தது. டாலர் கணக்குகளைக் கட்டாயமாகப் பீசோவாக மாற்றியதில் சேமித்தவர்கள் பெரிதும் இழந்தார்கள். ஆனால் 2003 முதல் நாடு வேகமாக வளர்ந்தது.

கிரீஸுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இரண்டு வேறுபாடுகள். அர்ஜென்டினாவிடம் சோயாவும் கோதுமையும் இருந்தன, உலகச் சந்தையில் அவற்றின் விலையும் ஏறியது. கிரீஸ் எரிபொருளையும் மருந்தையும் பெருமளவு வெளியிலிருந்து வாங்கும் நாடு. திராக்மா பாதியானால் இவற்றின் விலை இருமடங்கு. இரண்டாவது, அர்ஜென்டினாவிடம் பீசோ நோட்டு ஏற்கெனவே மக்கள் கையில் இருந்தது. கிரீஸ் புதிதாக அச்சிட்டு, ஏடிஎம்களை மாற்றி, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் திருத்தி எழுத வேண்டும்.

கடன் இன்னொரு முடிச்சு. ஒரு நாடு தன் சட்டத்தின் கீழ் எழுதிய ஒப்பந்தங்களை வேறு பணத்துக்கு மாற்ற அதற்கு அதிகாரம் உண்டு. 2012க்கு முன் கிரேக்க அரசுப் பத்திரங்களில் மிகப் பெரும்பாலானவை கிரேக்கச் சட்டத்தின் கீழ்தான் இருந்தன. அந்த ஆண்டு தனியார் கடன்காரர்கள் பத்திர மதிப்பில் பாதிக்கும் மேல் விட்டுக்கொடுத்தபோது, பதிலுக்கு வாங்கிய புதிய பத்திரங்கள் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் வந்தன. மிச்சக் கடனில் பெரும்பகுதி பிற யூரோ நாடுகளுக்கு. ஆகவே திராக்மா வந்தாலும் கடன் யூரோவிலேயே நிற்கும். நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு இருந்த கடன், திராக்மா பாதியாகும்போது மூன்றரை மடங்காகும். கட்ட முடியாது, தவற வேண்டியதுதான்.

எதிர்ப்பக்கத்துக்கும் விலை இருந்தது. கிரேக்கர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பிய பணமெல்லாம் மத்திய வங்கிகளுக்கு இடையிலான கணக்கில் கிரேக்க மத்திய வங்கியின் கடனாகப் பதிவாகியிருந்தது. 2015 கோடையில் அது 10,000 கோடி யூரோவைத் தாண்டியது. கிரீஸ் போனால் அதுவும் போகலாம். அதைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கை. ஒரு நாடு போய்விட்டால், மீளமுடியாதது என்று சொன்னதெல்லாம் மீளக்கூடியது என்று நிரூபணமாகிவிடும். மறுநாளே போர்ச்சுகலிலும் இத்தாலியிலும் சேமித்தவர்கள் தங்கள் கணக்கைப் போடத் தொடங்குவார்கள்.

ஜூலை 12 மாலை பிரசெல்ஸில் கூடிய தலைவர்கள் மறுநாள் காலைவரை, சுமார் 17 மணி நேரம் பேசினார்கள். ஜெர்மன் நிதியமைச்சர் வுல்ஃப்காங் ஷொய்ப்லே, கிரீஸ் ஐந்தாண்டு யூரோவிலிருந்து ஒதுங்கி இருக்கலாம் என்ற யோசனையை எழுத்திலேயே வைத்திருந்தார். கிரேக்க அரசுச் சொத்துகளை விற்றுக் கடன் அடைக்கும் 5,000 கோடி யூரோ நிதியம் எங்கே இருப்பது, வருவாயை எப்படிப் பிரிப்பது என்பதில் விடியும்வரை இழுபறி. கடைசியில் நிதியம் ஏதென்ஸில் அமைந்தது. 8,600 கோடி யூரோ வரையிலான மூன்றாவது உதவிக்கு வழி பிறந்தது. மக்கள் வேண்டாம் என்ற நிபந்தனைகளைவிடக் கடுமையானவற்றை சிப்ராஸ் ஏற்றார். ஜூலை 20 அன்று வங்கிகள் திறந்தன. பணக் கட்டுப்பாடுகளின் கடைசி இழை 2019 செப்டம்பர் 1 அன்றுதான் அறுந்தது.

மிச்சமிருக்கும் வேலை

இன்று கிரீஸ் யூரோவிலேயே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கடனுதவித் திட்டங்கள் முடிந்தன. 2023இல் குரோஷியாவும் 2026இல் பல்கேரியாவும் யூரோவில் சேர்ந்தன. கிரீஸ் வெளியேறுமா என்ற கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை, கேட்காததே அது நீடிக்க ஒரு காரணம்.

ஆனால் 2015 காட்டிய ஓட்டை முழுவதும் அடைபடவில்லை. ஐரோப்பாவில் ஒரு வங்கி மூழ்கினால் ஒரு லட்சம் யூரோ வரை டெபாசிட்டுக்கு உத்தரவாதம் உண்டு. அந்த உத்தரவாதத்தைத் தருவது அந்தந்த நாடு. ஆசிரியையின் சேமிப்புக்குக் காவல் நிற்பது கிரேக்க நிதியம், யூரோவை அச்சிடும் முடிவு ஃபிராங்க்ஃபர்ட்டில். நாடே தள்ளாடும் நாளில் நாட்டின் உத்தரவாதத்தால் என்ன பயன்? எல்லா யூரோ நாடுகளும் சேர்ந்து எல்லா டெபாசிட்டுகளையும் காக்கும் பொதுக் காப்பீட்டை ஐரோப்பிய ஆணையம் 2015 நவம்பரில் முன்மொழிந்தது. பத்தாண்டுக்கு மேலாகியும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஏதென்ஸ் வங்கியின் ஒரு யூரோவும் ஃபிராங்க்ஃபர்ட் வங்கியின் ஒரு யூரோவும் எந்த நெருக்கடியிலும் ஒன்றுதான் என்று சொல்லக்கூடிய ஏற்பாடு அது மட்டுமே. அது இல்லாதவரை அடுத்த நெருக்கடியில் இன்னொரு நாட்டில் இன்னோர் ஆசிரியை அதே கணக்கைப் போடுவார்.

இந்தக் கதையில் மறக்கக் கூடாத அநீதி ஒன்று உண்டு. வெளிநாட்டில் கணக்குத் திறக்கத் தெரிந்தவர்களும் வசதியுள்ளவர்களும் 2010 முதலே பணத்தை அனுப்பிவிட்டார்கள். நாடு வெளியேறியிருந்தால் அவர்கள் யூரோவுடன் திரும்பிவந்து பாதி விலையில் வீடு வாங்கியிருப்பார்கள். அட்டைகூட இல்லாமல் வங்கி வாசலில் 120 யூரோவுக்கு நின்ற முதியவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஓர் ஒன்றியத்தை விட்டு விலகுவதும் விலகாததும் ஒரு நாட்டு மக்களின் உரிமை, அதில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. ஆனால் அந்த முடிவை வாக்குச்சீட்டு எடுக்க வேண்டுமே தவிர, ஏடிஎம் வரிசை எடுக்கக் கூடாது. சேமிப்புக்குப் பொதுவான காவல் இருந்தால்தான் மக்கள் பயமில்லாமல் வாக்களிக்க முடியும், வெளியேறுவோம் என்றாலும் சரி, இருப்போம் என்றாலும் சரி.